குதிரைமூலம்

சம்பங்கி சார்,
நதிமூலம் ரிஷிமூலம் பார்க்காதே என்பார்கள்.
குதிரைமூலம் பற்றி யாரும் ஒன்றும் சொல்லாததால்
என் வீட்டு வாடகை ஓடுகிறது.

கால் மைல் குதிரை வேண்டும் என்றீர்கள், அசல் அமெரிக்க ரத்தம்.
அது வந்திறங்கும் கூலியில்
எலஹங்காவில் ஒரு மனை வாங்கலாம்.
அதனால்தான் ஹெசரகட்டாவுக்குக் கூட்டிப்போனேன்.
ரேஸ் கோர்ஸ் கழித்துவிட்ட செம்மண் நிறப் பெட்டை.
வயது ஆறு, ஓடியது பதினாறு, வென்றது ஒன்று.
பெயர் மட்டும் பெரிது: காப்பர் விசில்.
யாகூப் அவளை விசிலு என்கிறான்,
அதற்குத்தான் காது திரும்புகிறது.

தாளைப் பிரித்தேன்.
ஒரு மரம் பக்கவாட்டில் படுத்துக் கிடக்கிறது அதில்.
தண்டு அவள். கிளையெல்லாம் செத்தவர்கள்.
மேல்கிளை, அப்பன் வழி:
அத்தனை பேரும் பட்டாசுத் திரி.
ஆயிரத்து இருநூறு மீட்டருக்குள் வெடித்தாக வேண்டும்,
தாண்டினால் புகைதான்.
மூன்று டிரம்மைச் சுற்றிவர
பதினெட்டு விநாடிக்கு மேல் மூச்சு எதற்கு?
அப்பன் போதும் என்றீர்கள்
செக் புத்தகத்தைத் திறந்தபடி.

கீழ்க்கிளைக்கு வாருங்கள்.
தாய் நெடுந்தூரக்காரி. மழைச் சேற்றில்
இரண்டாயிரத்து நானூறு மீட்டரை
அவசரமே இல்லாமல் வென்றவள்.
நூலைப் போல சேலை என்றால்
இந்தச் சேலைக்குப் பாவு ஒரு தறி, ஊடை வேறு தறி.

தாயின் தாய்க்கு எதிரே ஒரே சொல்:
ஓடவில்லை.
இருபது வருடமாக வாசிக்கும் சொல்.
காலொடிந்ததா, காசில்லையா,
லாயக் கதவைப் பூட்ட யாரோ மறந்த இரவா?
அவள் குட்டிகளில் மூன்றைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன்.
குட்டை முதுகு, தாழ்ந்து திரண்ட பின்தொடை.
உட்கார்ந்து எழுகிற மாதிரி திரும்பும் உடம்பு.

ஞாயிற்றுக்கிழமை. நீல பிளாஸ்டிக் டிரம் மூன்று,
ஒன்றில் இன்னும் ஊறுகாய் வாசனை.
உங்கள் அமுதினி ஏறினாள்.
முதல் டிரம், வலப்பக்கம்:
நிறைகுடம் தளும்பாமல் சுழன்றாள் விசிலு.
இரண்டாவது, இடப்பக்கம்:
மெஜஸ்டிக்கில் பிளாட்பாரம் மறந்தவளைப் போல
அகலமாய், இன்னும் அகலமாய்
ராகிக் கொல்லை வேலிவரை போய் வந்தாள்.
மூன்றாவதும் இடம்தான். வேண்டாம், விடுங்கள்.
இருபத்தாறு விநாடி.
செக் புத்தகம் மூடிய சத்தம் கேட்டது.
நானும் தாளைத்தான் திட்டினேன்.
அப்பன் வழியில் எவனோ கோணல் என்று
விரலால் தேடிக்கொண்டிருந்தேன்.

யாகூப் வைக்கோலைக் கடித்துத் துப்பினான்.
"அக்கா, பெங்களூரு ரேஸெல்லாம் வலச்சுத்து.
நாலு வருஷமா இடப்பக்கம்னு ஒண்ணு இருக்கறதையே
இவ பாக்கல."

அமுதினி அதற்குள் லகானைத் திருப்பியிருந்தாள்.
இடது டிரம்மில் தொடங்கினால்
இடத்திருப்பம் ஒன்றே ஒன்று, மிச்சம் இரண்டும் வலம்.
தண்ணீர் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது.
மண் மேலெழுந்து, மெல்ல இறங்கியபோது
என் போனில் பத்தொன்பது புள்ளி நான்கு.
கட்டைவிரல் கொஞ்சம் தாமதித்திருக்கலாம்.

ஆகவே என் அறிக்கை.
அப்பன் பெயருக்காகக் கேட்கிறார்களே
அதில் நாற்பதாயிரம் குறையுங்கள்.
தாய்க்குக் கொஞ்சம் கூட்டலாம்:
தோற்ற இடத்துக்கே மறுபடி அழைத்தபோது
இவள் முரண்டு பிடிக்கவில்லை.
ஓடாதவளுக்கு என்ன விலை போடுவதென்று தெரியவில்லை,
அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.
இடப்பக்கம் பழக ஆறு மாதம் பிடிக்கும்.
வாங்கினால் யாகூபையும் கேட்டுப் பாருங்கள்.
அவன் அப்பன் பெயரை நான் விசாரித்ததில்லை.

என் கூலி மூவாயிரம்.
பெட்ரோல் தனி.